திருப்பரங்குன்றத்துக்கு 52 பைட்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடை. சுற்று வட்டாரத்துச் சில்லறைக் கடைகளுக்கு அங்கிருந்து தினமும் சரக்கு மூட்டை போகும். ஒவ்வொரு மூட்டையிலும் ஊர்ப் பெயர் போட்ட லேபிள் ஒட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கடையின் பில்லிங் மென்பொருளில் நானும் கை வைத்தேன். நாங்கள் எழுதியது பைத்தான். லேபிள் பிரிண்டரோடு பேசியது, பிரிண்டரை விற்றவர்கள் தந்த சி மொழி டிஎல்எல். அலுவலகத்தில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம், பிசகே இல்லை. கடையில் போட்ட முதல் நாள் மாலை, கணக்கு முடிக்கும் நேரத்தில் திரையிலிருந்து மென்பொருள் மறைந்துபோனது. பிழைச் செய்தி இல்லை, டிரேஸ்பேக் இல்லை. கன்சோலில் ஒரே ஒரு எண் நின்றது: -1073740940.

மூன்று நாள் தேடினோம். கேபிளை மாற்றினோம், விண்டோஸை மறுபடி நிறுவினோம், மின்சாரத்தைச் சந்தேகப்பட்டு யுபிஎஸ்ஸைக் கழற்றினோம். நான்காம் நாள் ஒரு வெள்ளைத்தாளில் ‘திருப்பரங்குன்றம்’ என்று எழுதி எண்ணிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது.

டிஎல்எல்லின் ஹெடர் கோப்பில், ஊர்ப் பெயர் 31 எழுத்து வரை இருக்கலாம் என்று ஒரு குறிப்பு. நாங்களும் ஒழுங்காக நீளத்தைச் சோதித்துத்தான் அனுப்பினோம். அலுவலகத்தில் சோதனைக்கு ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் தட்டியிருந்தோம். வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் திருப்பரங்குன்றம் 17 எழுத்து. கடைக்காரர்கள் தமிழில் தட்டினார்கள். கண்ணுக்குத் தெரிவது பத்து எழுத்து. பைத்தான் கணக்கில், உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்து, அதுவும் 17. ஆனால் யூடிஎஃப்-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும். 17 குறிக்கு 51 பைட், முடிவைக் காட்டும் பூஜ்யத்துக்கு ஒன்று, ஆக 52. டிஎல்எல் உள்ளே ஒதுக்கி வைத்திருந்ததோ 32 பைட். மீதி 20 பைட் பக்கத்து நினைவகத்தின் மேல் போய் விழுந்தது.

விழுந்த நொடியில் ஒன்றும் ஆகவில்லை, லேபிள் அழகாக அச்சாகி வந்தது. மாலையில் டிஎல்எல் தன் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான், நினைவகக் கணக்குப் புத்தகம் கெட்டுக் கிடப்பதை விண்டோஸ் கண்டு மென்பொருளைக் கொன்றது. அந்த எண்ணுக்கு அர்த்தமே அதுதான்: ஹீப் என்ற நினைவகப் பகுதி சிதைந்துவிட்டது.

மற்ற ஊர்களையும் எண்ணிப் பாருங்கள், விரல் நுனியில் பாடம் வந்துவிடும். மேலூர் 18 பைட், தாராளமாக அடங்கும். சோழவந்தான் 30, பூஜ்யத்தோடு 31, மயிரிழையில் தப்பிக்கும். உசிலம்பட்டியும் வாடிப்பட்டியும் பூஜ்யத்தோடு 34, இரண்டு பைட் வெளியே நீட்டும். அலங்காநல்லூர் 40. சோழவந்தானிலும் ஒரு கண்ணி உண்டு. ‘சோ’வின் ஓகாரக் குறியைச் சில தட்டச்சு முறைகள் ஒரே குறியாகத் தரும், சில இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தரும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டாம் வகையில் அது 34 பைட் ஆகி, அதே ஊர் எல்லை தாண்டிவிடும்.

இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ எல்காட் ஐடி வளாகத்துக்குள் வேலை பார்ப்பவர்களுக்கும், சிம்மக்கல் மாடியில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனத்தில் இருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை ஒன்றுபோலப் பயன்படும். கைரேகைக் கருவி, எடைத் தராசு, லேபிள் பிரிண்டர், கேமரா எதை வாங்கினாலும் கூடவே வருவது பெரும்பாலும் ஒரு சி நூலகம்தான். நம் கையில் இருப்பதோ பைத்தான், ஜாவா, சி ஷார்ப். இரண்டும் சந்திக்கும் எல்லையில் கிராஷ் வரும். அந்த நேரத்தில் பதறாமல் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடிக்கிறவரைத்தான் குழு அடுத்த தடவையும் தேடி வரும்.

கல்லூரி இதைச் சொல்லித் தருவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் பைத்தான் இருந்தது, கணினி அறிவியல் மாணவர்களுக்கு இரண்டாம் செமஸ்டரில் சி இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பேசும் இடம் அந்த இரண்டு தாளிலும் இல்லை. தேர்வு முடிந்ததும் சி புத்தகத்தைத் தூக்கிப் போட்டவர்கள் தயவுசெய்து அதைத் திரும்ப எடுங்கள். பாயிண்டர், ஸ்ட்ரக்சர், மெமரி ஒதுக்கீடு ஆகிய மூன்று பாடங்கள் போதும்.

செத்த இடமும் கெட்ட இடமும்

முதலில் மனதில் பதிய வேண்டியது இது. பைத்தான் தவறு செய்தால் எக்செப்ஷன் வரும், பிடிக்கலாம். சி தவறு செய்தால் பெரும்பாலும் இயங்குதளம் முழு ஓட்டத்தையும் நிறுத்திவிடும். சுற்றிலும் டிரை–எக்செப்ட் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. அதைப் போட்டுவிட்டு ‘சரி பண்ணிட்டேன்’ என்று டிக்கெட்டை மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ஆகவே எண்ணைப் படியுங்கள். லினக்ஸில் 139 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட்: 128-உடன் 11-ஆம் சிக்னல் கூடியது, தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறீர்கள். 134 என்றால் அபார்ட்: பெரும்பாலும் சி நூலகமே ஹீப் கெட்டிருப்பதைக் கண்டு தானாக நின்றிருக்கிறது. விண்டோஸில் -1073741819 என்பது லினக்ஸின் 139-க்கு அண்ணன் தம்பி. மேலே சொன்ன -1073740940 ஹீப் சிதைவு. இந்த நாலு எண்ணும் தெரிந்தால் தேடல் பாதியாகக் குறையும்.

அடுத்து, செத்த இடத்தையே தோண்டிக்கொண்டு நிற்காதீர்கள். பெரியாறு பாசனத்தில் மேலே எங்கோ மடை அடைபட்டால் பயிர் காய்வது கடைமடையில். காய்ந்த வயலை எவ்வளவு தோண்டினாலும் காரணம் அகப்படாது. பைத்தானில் ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற வசதி 3.3 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. அதை இயக்கிவிட்டால் சாகும் நொடியில் எந்த பைத்தான் வரி ஓடிக்கொண்டிருந்தது என்று காட்டும். அருமையான கருவி, எப்போதும் இயக்கியே வைத்திருங்கள். ஆனால் அது காட்டுவது செத்த வரி. கெட்ட வரி அதற்கு நூறு அழைப்புக்கு முன்னால் இருக்கலாம்.

கெட்ட நொடியிலேயே பிடிக்க வேறு கருவிகள் இருக்கின்றன. விண்டோஸில் ஜிஃப்ளாக்ஸ் வழியாகப் பேஜ் ஹீப்பை இயக்கினால், ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் ஒரு தடைப் பக்கத்தை ஒட்டி வைக்கும். ஒதுக்கியதைத் தாண்டி எழுதினால் பெரும்பாலும் அங்கேயே விழும். கீழமாசி வீதிக் கடைக்கு இதை அன்றே ஓட்டியிருந்தால் மூன்று நாள் வேலை அரை மணியில் முடிந்திருக்கும். லினக்ஸில் வால்கிரைண்ட் இதே வேலையைச் செய்யும், மூலநிரல் கையில் இல்லாவிட்டாலும் ஓடும். பைத்தானோடு ஓட்டும்போது பைத்தான்மாலக் என்ற சூழல் மாறியை மாலக் என்று வைத்துவிடுங்கள், தேவையற்ற எச்சரிக்கைகள் அடங்கும். மூலநிரல் உங்களிடமே இருந்தால் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்யுங்கள், அதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஜாவாக்காரர்கள் கிராஷ் ஆனதும் நிரல் ஓடிய அடைவில் உருவாகும் பிழைக் கோப்பைத் திறந்து, சிக்கலான ஃபிரேம் எந்த நூலகத்தில் என்று பாருங்கள். ஜேஎன்ஐ சோதனைக் கொடியை இயக்கி மறுபடி ஓட்டுங்கள்.

கருவிகளுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பைத்தானை முழுக்க விலக்கிவிட்டு, அதே அழைப்பை, அதே மதிப்புகளோடு, பத்து வரி சி நிரலாக எழுதி ஓட்டுங்கள். அதுவும் விழுந்தால் கோளாறு நூலகத்தில், அல்லது நூலகத்தை நாம் புரிந்துகொண்ட விதத்தில். அது ஒழுங்காக ஓடினால் கோளாறு பெரும்பாலும் எல்லையில், நாம் எழுதிய இணைப்பில். இந்த ஒரு சோதனை தேடும் காட்டைச் சரிபாதியாக வெட்டிவிடும். ‘நமக்கு சி வராது’ என்று இதைத் தவிர்க்கிறவர்கள் வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

ஹெடரை எழுத்துக்கூட்டிப் படிப்பது

சி நூலகம் தன்னிடம் வருகிறவர் சரியாகத்தான் கேட்கிறாரா என்று விசாரிப்பதில்லை. ஹெடர் கோப்பில் எழுதியிருப்பது பத்திரம். அந்தப் பத்திரத்தைப் பைத்தான் தானாகப் படிப்பதும் இல்லை. நாம்தான் படித்து ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது ஊகிக்கும்.

சி நூலகங்களை அழைக்க உதவும் சிடைப்ஸ், 2006-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து பைத்தானோடு வருகிறது. எந்த ஃபங்ஷனும் திருப்பித் தருவது ஒரு இன்ட் என்பது அதன் ஊகம், அதாவது 32 பிட். இன்றைய கணினியில் பாயிண்டர் 64 பிட். நூலகம் ஒரு ஹேண்டில் தருகிறது, பைத்தான் அதன் மேல்பாதியை வெட்டிப் போட்டு கீழ்ப்பாதியை மட்டும் வைத்துக்கொள்கிறது, அடுத்த அழைப்பில் அந்தப் பாதி முகவரியைத் திருப்பிக் கொடுக்கிறோம், விழுகிறது. முகவரி சிறியதாக அமைந்துவிட்ட கணினியில் மேல்பாதி பூஜ்யம்தான், அங்கே ஒழுங்காக ஓடும். ‘எங்க மெஷின்ல ஓடுதே’ என்ற பேச்சு பல தடவை பிறப்பது இங்கேதான். மருந்து மிக எளிது: ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஆர்க்டைப்ஸ், ரெஸ்டைப் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றும் திருப்பித் தராத ஃபங்ஷனுக்கும் நன் என்று எழுதுங்கள். ஒரு கோப்பில் இதற்கு விதிவிலக்கு வைத்தால் கிராஷ் அந்த விதிவிலக்கில்தான் வரும்.

சரங்கள் விஷயத்தில் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். சிடைப்ஸ் வழியாகச் சியின் ஸ்ட்ர்லென் ஃபங்ஷனை எடுத்து, ‘மதுரை’ என்ற பைத்தான் சரத்தை அப்படியே கொடுங்கள். மூன்று வராது, ஐந்து வராது, பதினைந்தும் வராது. லினக்ஸில் 2 வரும், விண்டோஸில் 10 வரும். காரணம், பைத்தான் சரத்தை சிடைப்ஸ் அகல எழுத்துகளாக அனுப்புகிறது. லினக்ஸில் அகல எழுத்து நான்கு பைட். ‘ம’வின் எண் முதல் இரண்டில் அடங்கி, மூன்றாவது பைட் பூஜ்யம் ஆகிறது. பூஜ்யத்தைக் கண்டதும் ஸ்ட்ர்லென் நின்றுவிடுகிறது. விண்டோஸில் இரண்டிரண்டு பைட், ஐந்து குறிக்குப் பத்து. யூடிஎஃப்-8 ஆக என்கோட் செய்து கொடுத்தால்தான் 15. நான்கு வரி நிரல், ஒரே சொல், மூன்று விடைகள். நேர்முகத் தேர்வில் இதை விளக்கத் தெரிந்த ஃபிரெஷரை நான் இரண்டாம் கேள்வி கேட்காமல் எடுப்பேன்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் கூடுதலாக வருவதற்கு வரலாறும் ஒரு காரணம். சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் குறியீடுகளில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரே பைட். அந்த நாளில் எழுதிய நிரலில் பெயருக்கு 30 பைட் என்றால் அது தாராளம். தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது, அது மிக நல்ல முடிவு. ஆனால் பழைய நூலகங்களின் பெட்டி அளவு தானாக வளராது. சோதனைத் தரவில் தமிழ்ப் பெயர் இல்லாமல் மதுரையில் எந்த மென்பொருளையும் வாடிக்கையாளர் கையில் கொடுக்காதீர்கள். எங்கள் அலுவலகத்தில் இப்போது திருப்பரங்குன்றம் நிரந்தரச் சோதனை ஊர்.

ஸ்ட்ரக்சர்களில் அளவு பிசகும். சியின் லாங், 64 பிட் லினக்ஸில் எட்டு பைட், 64 பிட் விண்டோஸில் நான்கு. ஒரு கேர், அதை அடுத்து ஒரு இன்ட் வைத்த ஸ்ட்ரக்சர் ஐந்து பைட் அல்ல, நடுவில் மூன்று பைட் இடைவெளி விட்டு எட்டு. வாதாட வேண்டாம், அளந்துவிடுங்கள்: சியில் சைஸ்ஆஃப், ஆஃப்செட்ஆஃப் இரண்டையும் அச்சிடுங்கள், பைத்தான் பக்கத்திலும் அச்சிடுங்கள், இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நம்பை வழியாக அணி அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று. நம்பையின் இயல்பான முழுஎண் விண்டோஸில் 32 பிட்டாக இருந்தது, 2024-இல் வந்த 2.0 பதிப்பு அதை 64 ஆக்கியது. டிடைப்பை வெளிப்படையாக எழுதாத பழைய நிரல் அப்டேட் செய்த அன்று உடையலாம்.

நினைவகம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. நூலகம் ஒதுக்கியதை நூலகத்தின் விடுவிப்பு ஃபங்ஷனால்தான் விடுவிக்க வேண்டும். விண்டோஸில் டிஎல்எல்லும் நீங்களும் வேறு வேறு சி ரன்டைம் பயன்படுத்தினால், அதன் நினைவகத்தை உங்கள் ஃபிரீயிடம் கொடுப்பது ஒரு பேங்கில் போட்ட பணத்தை இன்னொரு பேங்கில் போய்க் கேட்பது போல.

இதன் எதிர்ப்பக்கம்தான் கைரேகைக் கருவிக்காரர்களை வதைக்கிறது. விரல் வைத்ததும் என்னைக் கூப்பிடு என்று ஒரு பைத்தான் ஃபங்ஷனைக் கால்பேக்காக நூலகத்திடம் கொடுக்கிறோம். கொடுத்த வரி முடிந்ததும் அந்தக் கால்பேக் பொருளைப் பிடித்துக்கொள்ள பைத்தான் பக்கம் யாரும் இல்லை. குப்பை என்று அது அள்ளப்படுகிறது. நூலகமோ பழைய முகவரியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு முதல் ஆள் விரல் வைக்கிறார், வருகைப் பதிவு மென்பொருள் விழுகிறது. சில நாள் விழாது, அந்த நினைவகத்தில் வேறு யாரும் குடியேறாத நாள் அது. கால்பேக்கை ஒரு மாறியில் போட்டு, கருவி இயங்கும் வரை உயிரோடு வைத்திருங்கள். ஒரு வரி வேலை.

டிஎல்எல் ஏறவே மறுத்து 193 என்ற பிழை எண் வந்தால் அது கிராஷ் அல்ல: பெரும்பாலும் 32 பிட் நூலகத்தை 64 பிட் பைத்தானில் ஏற்றப் பார்க்கிறீர்கள். பழைய கருவிகளோடு வரும் எஸ்டிகேக்களில் இது அடிக்கடி நடக்கும். 32 பிட் பைத்தானில் ஒரு சிறு துணை நிரலை ஓட்டி, அதனோடு பைப் வழியாகப் பேசுங்கள். நூலகமே ஒழுங்கில்லாதபோதும் இந்த ஏற்பாடு கைகொடுக்கும். விழுந்தால் துணை நிரல் மட்டும் விழும், பில்லிங் தொடர்ந்து ஓடும்.

லீடிடம் எப்படிச் சொல்வது

‘சார், டிஎல்எல் சரியில்லை’ என்று போய் நிற்காதீர்கள். விற்றவர்கள் ‘மற்ற எல்லாருக்கும் ஓடுதே’ என்பார்கள், பேச்சு அங்கே செத்துவிடும். வெளியேறிய எண், எந்த மதிப்புக்கு விழுகிறது, எதற்கு விழவில்லை, நூலகப் பதிப்பு, பைத்தானின் பிட் அளவு, அந்தப் பத்து வரி சி நிரல். இவ்வளவும் டிக்கெட்டில் இருந்தால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றாலும் எதையெல்லாம் விலக்கிவிட்டீர்கள் என்று எழுதுங்கள். ‘கேபிள் அல்ல, விண்டோஸ் அல்ல, ஆங்கிலப் பெயரில் விழவில்லை’ என்பதும் மூன்று நாள் உழைப்பின் விளைச்சல்தான்.

எல்லையில் நடக்கும் பிசகைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளும் மேலாளரிடம் 2024 ஜூலை 19-ஐ நினைவூட்டுங்கள். அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் ஒரு புதுத் தரவுக் கோப்பைப் படித்தது. அந்தத் தரவு எதிர்பார்த்தது 21 உள்ளீடு, நிரல் கொடுத்தது 20. இல்லாத 21-ஆவதைப் படிக்கப் போய் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மொழி இரண்டாக இருந்தாலும் ஒன்றாக இருந்தாலும் பிசகு ஒரே வகை: தருகிறவரும் பெறுகிறவரும் வேறு வேறு எண்ணிக்கையை நம்பியிருந்தார்கள்.

கடைக் கதைக்கு வருகிறேன். காரணம் தெரிந்த அன்றே, பெயரை யூடிஎஃப்-8 ஆக்கி, பைட்டை எண்ணி, 31-ஐத் தாண்டினால் குறி பாதியில் உடையாமல் வெட்டும்படி மாற்றினேன். மாலைக் கணக்கு முடிந்தது, மென்பொருள் விழவில்லை. பெருமையோடு லேபிளைக் கிழித்துக் கடைப் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ‘திருப்பரங்’ என்று இருந்தது.

“என்ன தம்பி, குன்றத்தைக் காணோமே?”

“பெட்டி சின்னது அண்ணாச்சி, அவ்வளவுதான் அடங்கும்.”

“லோடு ஏத்துற பையன் இதைப் பார்த்து எந்த ஊர்னு கண்டுபிடிப்பான்? பெட்டியப் பெருசாக்கச் சொல்லுங்க.”

அன்றிரவே எண்களையும் பத்து வரி நிரலையும் இணைத்து, டிஎல்எல் தந்தவர்களுக்கு எழுதினோம். அடுத்த பதிப்பில் அந்த இடம் 128 பைட்டாக வந்தது. ஹெடரில் ‘எழுத்து’ என்றிருந்ததை எடுத்துவிட்டு ‘பைட்’ என்று மாற்றியிருந்தார்கள்.